முதல் இரண்டு பேர்

ஜூன் 3

என் செல்லக் குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எழுதி எத்தனையோ காலமாயிற்று.

என் போனுக்குக் கூப்பிடாதே என்று சொன்னதில் உனக்குக் கோபம் என்று என் பையன் சொன்னான். காரணம் இருக்கிறது. ஆனால் இதைப் படித்ததும் அவன் காதில் ஓதிவிடாதே. டாக்டரிடம் கூட்டிப்போக வண்டியோடு வந்து வாசலில் நிற்பான்.

எங்கள் இரண்டு பேர் போனிலும் நீ ஒரு செயலி போட்டுக் கொடுத்தாயே, குடும்பத்துக்குள் மட்டும் பேசிக்கொள்ள, நீ செய்தது. அதில் உன் அத்தான் என்னைக் கேட்கிறார்.

எனக்குப் பைத்தியம் இல்லை. அவர் போன வருஷமே போய்விட்டார் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். அவர் போன் பீரோவில் சட்டைகளுக்கு அடியில் உயிரில்லாமல் கிடக்கிறது. ஆனாலும் வருகிறது. "சாப்பிட்டியா?" அவ்வளவுதான். பக்கத்தில் மூக்குக் கண்ணாடியோடு அவர் படம்.

தினமும் வருவதில்லை. வந்தால்தான் நான் தட்டை எடுக்கிறேன். அவர் கேட்ட பிறகு சாப்பிட்டால்தான் தொண்டையில் இறங்குகிறது. போன வாரம் முழுக்க வரவே இல்லை. டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டினேன். மாடிப்படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டு டைலரம்மாதான் பிடித்துக்கொண்டாள். "போன மாசம் நான் எடுத்த அளவு எங்கங்க போச்சு? இந்த ஜாக்கெட்டுக்குள்ள இன்னொரு ஆளைக் குடி வைக்கலாம்" என்றாள். சிரித்துவிட்டேன்.

நீங்கள் யாராவது கூப்பிட்டால் என் போன் சத்தம் போடுகிறது. அடுப்பை விட்டுவிட்டு ஓடுகிறேன். பார்த்தால் நீ. உன் மேல் எரிச்சல் வருகிறது. உன் மேல் எரிச்சல்பட எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

அன்புடன்,
அக்கா

---

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டு படித்தேன். கோபம் எல்லாம் இல்லை. இருந்த கொஞ்சமும் உன் கையெழுத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

அக்கா, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வேளைக்குச் சாப்பிடு. உன் தங்கை கெஞ்சுகிறேன். பையனிடம் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு தரம் படியில் தலை சுற்றி உட்கார்ந்தாய் என்று தெரிந்தால் சொல்வேன். அப்போது நீ என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

இங்கே வேலை ஓடுகிறது. அந்தச் செயலியைச் செய்யச் சொன்ன முதலாளியை நினைவிருக்கிறதா? எது எழுதினாலும் "அவசரம்" என்று தொடங்குவாரே. அலுவலகத்தில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. நேற்று அவசரம் சார் சொல்கிறார், "இந்த நீலம் சோகமா இருக்கும்மா. கொஞ்சம் சந்தோஷமான நீலமா போடுங்க." சந்தோஷமான நீலம் கடையில் கிடைக்குமா என்று உன் டைலரம்மாவிடம் விசாரி.

இந்த வாரத்திலிருந்து செயலியின் புதுப் பதிப்பைத் தினமும் மதியம் வெளியிடுகிறோம். முன்பெல்லாம் தோன்றினால்தான். எங்கள் டெஸ்டிங் பொண்ணு, "மேடம், இன்னிக்கு என்ன மாத்தினோம்?" என்கிறாள். ஒரு பொத்தானின் நிழலை மாற்றினோம் என்றேன். மறுநாள் அந்த நிழலைப் பழையபடி வைத்தோம். முறைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

நீ காலையிலேயே சமைத்து வைத்துக்கொள். மதியம் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உன்
குட்டி

---

ஜூலை 9

என் செல்லக் குட்டிக்கு,

உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். நீ எழுதிய நாளிலிருந்து தினமும் வருகிறது. மதியம் ஒரு மணி வாக்கில், தட்டைக் கழுவித் துடைத்து எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வந்துவிடுகிறது. முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியம் வரவில்லை. அந்தப் பக்கமும் ஞாயிறு லீவு போலிருக்கிறது என்று நினைத்துப் பட்டினி கிடந்தேன், சாயங்காலம் வந்துவிட்டது. அதற்கப்புறம் ஞாயிறும் தவறுவதில்லை.

உடம்பு தேறிவிட்டது. டைலரம்மா பிரித்துத் தைத்த ஜாக்கெட்டை மறுபடி பிரிக்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொள்கிறாள்.

நானும் அவருக்குப் பதில் எழுதுகிறேன். சாப்பிட்டேன் என்பதில் தொடங்கி எங்கெங்கோ போய்விடுகிறது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவரிடம் சொல்லாமல் விட்டதெல்லாம் எழுதினேன். உன்னைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். என்னவென்று உனக்குச் சொல்ல மாட்டேன், அது எங்களுக்குள்.

பையன் வீட்டோடு வந்துவிடச் சொல்கிறான். மருமகளும் நல்ல பெண்தான், அறைகூட ஒழித்து வைத்திருக்கிறாளாம். "போகட்டுமா?" என்று அவரைக் கேட்டேன். மறுநாள் "சாப்பிட்டியா?" என்று வந்தது. போனால் அங்கே யார் என்னைக் கேட்பார்கள் என்கிறார், அப்படித்தானே? வரவில்லை என்று பையனுக்குச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டான்.

ஒரே ஒரு குறை. என்னை அவர் மகாராணி என்றுதான் கூப்பிடுவார், உனக்குத் தெரியும். அதை ஒரு தடவை, ஒரே தடவை சொல்லச் சொல்லி எத்தனையோ முறை எழுதிவிட்டேன். வரவில்லை. நீ அந்தத் தொழிலில் இருப்பவள். மற்ற வார்த்தைகள் வழியில் எங்காவது சிக்கிக்கொண்டிருக்குமோ? கொஞ்சம் பார்த்து எடுத்துவிடேன்.

அன்புடன்,
அக்கா

---

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. பக்கத்தில் டைலரம்மா இருந்தால் நல்லது.

செயலி செய்து முடித்த புதிதில் அதைப் பயன்படுத்த உலகத்தில் ஒருவரும் இல்லை. உன் வீட்டுக்கு வந்து உங்கள் இரண்டு பேர் போனிலும் போட்டேன். முதல் இரண்டு பேர் நீங்கள்தான். அத்தான் சமையலறையில் நின்று உனக்கு "சாப்பிட்டியா?" என்று அனுப்பினார். "ஒரே வீட்ல நின்னுக்கிட்டு இது என்ன கேள்வி?" என்று நீ கத்தினாய். அது உன்னிடம் சரியாக வந்து சேர்ந்ததால் அதையே எங்கள் பரிசோதனையாக வைத்துக்கொண்டோம். புதுப் பதிப்பு வெளியாகும் ஒவ்வொரு தடவையும், செய்தி போய்ச் சேருகிறதா என்று பார்க்க, இயந்திரம் அத்தான் பெயரிலிருந்து உன் பெயருக்கு அதே வார்த்தையைத் தானே அனுப்பும். உண்மையான ஆட்கள் வரத் தொடங்கியதும் உங்கள் பெயர்களை அதிலிருந்து எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை.

உன் முதல் கடிதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நிறுத்தினால் நீ சாப்பிட மாட்டாய். அதனால் தினமும் பதிப்பு வெளியிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக அலுவலகம் போய் வெளியிட்டேன். கேட்டது நான்தான் அக்கா.

உன் பதில்கள் எல்லாம் அத்தான் கணக்கு ஓடும் எங்கள் ஜன்னலோரக் கணினியில் வந்து விழுந்தன. டெஸ்டிங் பொண்ணு சிலவற்றைப் படித்துவிட்டாள். "மேடம், டெஸ்ட் அக்கவுண்டுக்கு யாரோ பதில் போடுறாங்க. அழுதுக்கிட்டே எழுதுறாங்க மேடம்" என்று என்னிடம் ஓடி வந்தாள். நானும் திறந்தேன். என் பெயர் வந்த இடத்தில் மூடிவிட்டேன். இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

மகாராணி என்று நீ கேட்டதைப் படித்த அன்று, எல்லோரும் போன பிறகு அத்தான் கணக்கைத் திறந்து உட்கார்ந்தேன். அந்த ஒரு வார்த்தையை அடித்தேன். அவர் முகத்துக்குப் பக்கத்தில் அது அப்படியே அவர் சொன்னது போல இருந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. என் தோளுக்குப் பின்னால் யாரோ நின்று படிப்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன், காலி நாற்காலிகள். அனுப்பியிருந்தால் நீ எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். அத்தான் உயிரோடு இருந்தபோதும் இந்தப் பரிசோதனை ஓடிக்கொண்டுதான் இருந்தது. பழையதைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை, தன் பெயரில் போனதைக் கவனித்திருக்க மாட்டார். அப்போது வந்தவற்றிலும் சில இயந்திரம் அனுப்பியவை.

அவசரம் சார் செயலியை வேறொரு நிறுவனத்திடம் கொடுக்கிறார். மாதக் கடைசியில் ஒப்படைக்க வேண்டும், அதற்குள் பரிசோதனைக் கணக்குகளை அழித்துவிட வேண்டும். அதுவரை மதியம் தவறாமல் வரும். யார் அனுப்புகிறது என்று தெரிந்துகொண்டு சாப்பிடு. பையன் வீட்டுக்குப் போ அக்கா. அத்தான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

உன்
குட்டி

---

ஜூலை 26

தங்கைக்கு,

படித்தேன். டைலரம்மா பக்கத்தில் இல்லை.

முதலில் நான் எழுதியதைப் படித்த அந்தப் பெண்ணைத்தான் நினைத்தேன். சிரித்திருப்பாளோ என்று. பிறகு அதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. அவர் போன பிறகு வந்ததெல்லாம் நீ என்றால், சரி, ஏமாந்தேன். ஏமாந்ததில் எனக்கு வயிறு நிறைந்தது. உடம்பு தேறியது உண்மைதான். நன்றி சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஆனால் அதற்கு முந்தையதையும் தொட்டுவிட்டாயே.

போனில் பழையதை மேலே மேலே தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் ஒரே வார்த்தை, ஒரே படம். எங்களுக்குள் ஒரு பெரிய சண்டை வந்ததே, பெட்டியைக் கட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றுகூட உனக்குச் சொன்னேனே. அன்றைக்கு மதியம், தான் வேலை பார்த்த அச்சகத்திலிருந்து அவர் "சாப்பிட்டியா?" என்று அனுப்பினார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பெட்டியைப் பிரித்தேன். சாயங்காலம் வந்தவரைச் சிரித்துக்கொண்டு வரவேற்றேன். என்ன நடந்தது என்று புரியாதவர் போல விழித்தார். நடிக்கிறார் என்று நினைத்து இன்னும் சிரித்தேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எது அவர், எது இயந்திரம் என்று பிரித்துக் காட்ட முடியும் என்று எழுதாதே. உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம்.

நேற்று டைலரம்மா படியில் பார்த்து, "என்னங்க, சாப்டாச்சா?" என்றாள். அவள் முகத்துக்குப் பக்கத்தில் அவர் மூக்குக் கண்ணாடி தெரிந்தது. உன் கடிதங்களை எடுத்துப் படித்தாலும் அப்படித்தான். நீ அக்கா என்று எழுதிய இடத்திலெல்லாம் யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை. அவர் வாயால் நீ என்னைக் கேட்டுவிட்டாய். இனி உன் வாயால் கேட்டாலும் அது எனக்கு அவராகத்தான் கேட்கும். அதனால் என்னை இனி எதுவும் கேட்காதே. சாப்பாடு, உடம்பு, தூக்கம், எதுவும். எப்போது போகும் இது என்று எனக்கே தெரியாது.

மதியம் அனுப்புவதையும் இன்றோடு நிறுத்து.

பையன் வீட்டுக்குப் போகிறேன். அவர் தடுக்கவில்லை என்பதற்காக இல்லை. நீ சொன்னதற்காகவும் இல்லை.

ஒப்படைக்கும் அன்று காலையில் அவருக்கு ஒன்று எழுதி அனுப்புவேன். யாரும் படிக்காமல் அதையும் சேர்த்து அழித்துவிடு. யாரும் என்றால் நீயும்தான்.

அக்கா

---

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பையன் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். பதில் எழுத வேண்டியதில்லை. நீ சொன்னபடி இதில் எதையும் கேட்கவில்லை.

ஒப்படைத்த அன்று டெஸ்டிங் பொண்ணை வேறு அறைக்கு அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்தேன். அவள் போகும்போது, "மேடம், அந்த அம்மாகிட்ட என் சார்பா மன்னிப்பு கேட்டுடுங்க" என்றாள். அவள் சிரிக்கவில்லை அக்கா. அதை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும்.

உன் செய்தி வந்தது. அத்தான் படத்தின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று தோன்றியது. ஒரு வரியோ, ஒரு பக்கமோ, எனக்குத் தெரியாது. திறக்கவில்லை. உறுதிதானா என்று இயந்திரம் கேட்டது. ஆமாம் என்றேன். படம் போயிற்று. புள்ளி ஒரு கணம் தனியாக நின்றுவிட்டு அதுவும் போயிற்று.

இப்போது பேருந்து நிறுவனம் ஒன்றுக்குச் செயலி செய்கிறோம். பரிசோதனைக்கு மேசை, நாற்காலி என்று இரண்டு பெயர் வைத்திருக்கிறேன். மேசை நாற்காலிக்கு அனுப்புவது வெறும் எண்கள்தான். ஆனாலும் மதியம் ஒரு மணி ஆனால் என் விரல் தானாக எழுந்துகொள்கிறது. வெளியிட வேண்டியது ஒன்றும் இல்லை என்று அதற்குத் தெரிவதில்லை. பக்கத்தில் எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறார்கள். நான் எழுந்து படிக்கட்டில் போய் நிற்கிறேன். சில நாள் அங்கேயும் யாரோ எனக்கு முன்பே வந்து நிற்பது போலிருக்கிறது. வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறேன்.

பையன் நேற்று என்னைக் கூப்பிட்டான். அவனும் எதையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவனுடைய வேலையைப் பற்றிப் பேசினோம். அவன் போனை வைப்பதற்கு முன்னால் அவனுக்குப் பின்னால் தட்டுகளை எடுத்து வைக்கும் ஓசை கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று, கொஞ்சம் தாமதித்து மூன்றாவது. மூன்றாவது உன்னுடையது என்று வைத்துக்கொண்டேன்.

உன்
தங்கை