கடைமடைக்கு வராத காற்று

அக்கா,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இனியும் பேசாமல் இருந்தால் உனக்கு நேர்ந்தது உன் மகளுக்கும் நேரும்.

நேற்று நாமக்கல் சந்தையில் சாம்பிராணி வாசனை அடித்தது. அந்த வாசனை வந்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவது என் வழக்கம். நேற்று கால் நகரவில்லை. நாட்டுமருந்துக் கடை முன்னால் உன் வீட்டுக்காரர் நின்றிருந்தார். உலகச் சண்டை வந்து கப்பல் நின்றபின் கிராக்கியாகிவிட்ட சரக்கு. அதைப் பெரிய பொட்டலமாகக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"புள்ளயத் தலப்பிரசவத்துக்குக் கூட்டியாந்திருக்கறமுங்க. அம்மா அதே உள்ளூட்டத்தான் மொழுகி வெச்சிருக்குது," என்று கடைக்காரரிடம் சிரித்தார். என்னைக் கண்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

அதே உள்ளறை, அக்கா. தாயில்லாத பெண் வேறெங்கே வருவாள்?

மாரியம்மன் நோம்பிக்கு நம் வீட்டில் கிடாய் வெட்டிய காலை உனக்கு நினைவிருக்குமே. சேலத்தில் படித்துக்கொண்டிருந்த நான் லீவுக்கு வந்திருந்தேன். நீ கழுவ எடுத்த நுரையீரலைப் பிடுங்கி, அதன் குழாயில் ஆமணக்குத் தண்டைச் செருகி ஊதினேன். துவண்டு கிடந்த சதை இளஞ்சிவப்பாக உப்பி எழுந்தது. நீ அரண்டு பின்வாங்கினாய். பிறகு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "செத்த கெடாய்க்கு உசுரு குடுக்கறானுங்க எங்க தம்பி," என்று காட்டினாய்.

ஊதிய காற்று எங்கே போகிறது என்று கேட்டாய். சொன்னேன். நாம் இழுக்கும் காற்று மூக்கில் தூசு நீங்கி, சூடேறி, தொண்டைக்கு வருகிறது. குரல்வளையைத் தாண்டி, வளையம் வளையமாகக் குருத்தெலும்பு வைத்த மூச்சுக்குழாயில் இறங்குகிறது. நெஞ்சுக்குள் குழாய் இரண்டாகப் பிரிந்து, கிளைக்குள் கிளையாக மெலிந்து, கண்ணுக்குத் தெரியாத குமிழிகளில் முடிகிறது. அங்கேதான் இரத்தம் நல்ல காற்றை வாங்கிக்கொண்டு கெட்டதைத் திருப்பிக் கொடுக்கிறது.

"நம்ம வாய்க்கா மாதிரிதான். தலமடையில எவ்வளவு ஓடி என்ன, கடமடைக்கு வந்தாத்தான் பயிரு," என்றாய். ஜேடர்பாளையம் அணையிலிருந்து வரும் வாய்க்கால் தண்ணீரைக் கடைசியாகப் பார்க்கும் வயல் நம்முடையது. உனக்குத் தெரியாதா?

உன் இரண்டாவது பிரசவம் அந்த வீட்டில். பார்க்க வந்தேன். இருந்த ஒரே சன்னலில் சாக்கைத் திணித்துச் சாணி மெழுகியிருந்தார்கள். கட்டிலடியில் கரிக்கும்முட்டி அடுப்பு, அதில் சாம்பிராணி. உன் நெஞ்சில் சளி கட்டிப் பாதிக் குழாய்களை அடைத்திருந்தது. மிச்சமிருந்த வழியில் புகையை விட்டிருந்தார்கள். சன்னலைத் திறக்கும்படி உன் மாமியாரிடம் கெஞ்சினேன்.

"பச்ச ஒடம்புல காத்துப் பட்டாச் சன்னி கண்டுக்கும். அந்தப் படிப்பெல்லாம் உங்கூட்டோட வெச்சுக்கோணும்," என்றார்.

சாக்கைப் பிடுங்கப் போனேன். மச்சான் என் கையைப் பிடித்தார். "பொம்பளைக சமாச்சாரத்துல நமக்கென்ன சோலி மாப்ளே?" அந்தப் பிடியை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. உன் மூச்சு மேலே மேலே ஏறியது. உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாய்.

"கடமடைக்கு வரமாட்டீங்குது சாமி."

மறுநாள் விடிந்ததும் நம் வீட்டுக்குச் சேதி சொல்ல ஆள் வந்தது. ஆயுசு அவ்வளவுதான் என்று ஊர் சொன்னது. கோடிச் சேலையை உன் மேல் போர்த்திவிட்டு வந்தவன், பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

நான் இப்போது வாத்தியார். வருஷாவருஷம் காற்று போகும் வழியைக் கரும்பலகையில் வரைகிறேன். கடைசிக் கிளைக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. பிள்ளைகள் குனிந்து எழுதும் அந்த அமைதியில், பின்வரிசையிலிருந்து உன் மூச்சு கேட்கிறது. இழுக்கிறாய், நிற்கிறது. அடுத்ததற்காக நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீ எனக்கு விட்டுப்போனது இது ஒன்றுதான்.

உறை மேல் மச்சான் பெயரை எழுதியிருக்கிறேன். எந்தக் கடிதத்திலும் அடியிலுள்ள பெயரைப் பார்த்துவிட்டுத்தான் மேலே படிப்பார். என் பெயர் இருந்தால் அடுப்புக்குப் போகும். இல்லாவிட்டால் முதலிலிருந்து படித்தாக வேண்டும். யார் என்று புரிந்த பின்னும், உன்னை அந்த அறையில் விட்டுவிட்டுப் பாதியில் எழுந்திருக்க அவரால் முடியுமா, பார்க்கிறேன்.

சன்னலில் சாக்கு ஏறுவதற்குள் இது போய்ச் சேர வேண்டும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.