ஏழு புள்ளடிகள்

அக்கா,

இன்று காலை லா சப்பல் மெத்ரோ ரயில் நிலைய வாசலில் யாரோ தேர்தல் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியிலிருந்த பசையின் மணம் மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். சுவரொட்டி ஒட்டிவிட்டு வரும் உங்கள் குளிர்க்கோட்டின் மணம் எனக்கு அதுதான். சுவரொட்டியில் சிரித்தவர் யாரோ புதியவர். எனக்கு வந்தது பழைய கோபம்.

பகல் முழுக்க ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கிவிட்டு, பின்னேரங்களில் மாடி மாடியாக ஏறிக் கதவு தட்டினீர்கள். பிரஜாவுரிமை கிடைத்தும் வாக்காளராகப் பதியாத எங்கள் சனத்தைப் பதியவைத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் உணவகத்தில் வேலை செய்பவர்களைத் தேர்தலுக்கு முன்பே பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போய், தங்கள் வாக்கை வேறொருவர் போடுவதற்குப் புரொக்கியூரசியோன் எழுதுவித்தீர்கள். கடைசி வாரத்தில் மாதிரித் தாள்களோடு வகுப்பே நடத்துவீர்கள்.

"இஞ்சை ஒவ்வொரு கட்சிக்கும் ஒவ்வொரு தாள். புள்ளடி போடக்கூடாது. கீறினால் வோட்டுச் செல்லாது. சும்மா மடிச்சு என்வலப்புக்கை வையுங்கோ."

ஊரில் சின்னத்துக்கு நேரே பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டுப் பழகிய கைகள். வெறும் தாளை மடித்துப் போட்டால் அது வாக்கு என்று ஒருவரும் லேசில் நம்பவில்லை.

இவ்வளவு உழைப்பும், நகரசபைத் தேர்தலில் கட்சிக்கு எங்கள் சனத்தின் வாக்குச் சேர்த்த அந்தக் கடை முதலாளிக்காக. கட்சிப் பட்டியலில் உங்களுக்கு இடம் என்று வாக்குக் கொடுத்தவன், கடைசி நாளில் தன் மருமகனின் பெயரைப் போட்டான். கேட்டதற்கு, கடையின் பின்னறையில் எல்லோருக்கும் முன்னால், "உங்கட பிரெஞ்சு காணாது, தங்கச்சி" என்றான். நீங்கள் வெளியே வந்து, "விடு பிள்ளை, சனத்துக்கு அலுவல் நடந்தாச் சரி" என்றீர்கள். நான் விடவில்லை.

அந்த மாரியிலேயே நோய் உங்களைக் கொண்டுபோனது. செத்தவீட்டில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அவன் அழுதான். அடுத்த கிழமை அவனுடைய துண்டுப்பிரசுரத்தில் உங்கள் படம், கீழே 'அவரின் கனவை நிறைவேற்றுவோம்'. அன்றே எதிர்க்கட்சிக் காரியாலயத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்தேன். அவர்களுடைய கொள்கையில் பாதி எனக்கு விளங்கவில்லை. அவன் மண் கவ்வவேண்டும், அது எனக்குப் போதும்.

தேர்தலன்று பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் எதிர்க்கட்சியின் கண்காணிப்பாளராக இருந்தேன். மத்தியானம் மூன்றாம் மாடி ஐயா வந்தார். போன வருடம் நீங்கள் பதியவைத்த வன்னி ஐயாதான். சட்டைப்பையில் உங்கள் படமுள்ள பிரசுரம், பக்கத்தில் ஒரு பேனை. தாள்களை எடுத்துக்கொண்டு என்னருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, இதிலை எங்கை புள்ளடி போடுறது?"

இந்த முறை வகுப்பெடுக்க நீங்கள் இல்லை. முதலாளி விருந்து வைத்தான், இதைச் சொல்லிக்கொடுக்க அவனுக்குத் தோன்றவில்லை. நீங்கள் ஆயிரம் தடவை சொன்ன அந்த ஒரு வசனத்தை நான் சொல்லியிருக்கலாம். வாக்காளரோடு கதைக்கக்கூடாது என்ற சட்டத்தை முகத்தில் ஒட்டிக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவர் திரைக்குள் போனார். பின்னால் வந்த இன்னும் சிலரின் சட்டைப்பைகளிலும் பேனையைக் கண்டேன், அவர்களுக்கும் சொல்லவில்லை.

எண்ணும்போது எங்கள் மேசையில் முதலாளியின் கட்சித் தாள்கள் ஏழில் புள்ளடி இருந்தது. செல்லாது, செல்லாது என்று ஒதுக்க ஒதுக்க என் நெஞ்சு குளிர்ந்தது. உங்களிடம் எதற்குப் பொய் சொல்லவேண்டும்? மருமகன் ஐந்தே வாக்கில் இடத்தைத் தவறவிட்டான். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தை நினைத்து இப்போதும் தனியே சிரிக்கிறேன். இன்னொருமுறை வரட்டும், இன்னொருமுறையும் விழுத்துவேன்.

ஆனால் அடுத்த சனிக்கிழமை மரக்கறிக் கடையில் ஐயாவைக் கண்டேன். முருங்கைக்காயை முறித்துப் பார்த்தபடி அவராகவே சொன்னார்.

"அவன்ரை மருமகனை ஆருக்குத் தெரியும்? அந்தப் பிள்ளையின்ரை படம் இருந்தது, அவவுக்காகத்தான் போட்டனான். பிரான்சிலை என்ரை முதல் வோட்டு. வடிவாத் தெரியட்டுமெண்டு புள்ளடியை நல்ல பெரிசாப் போட்டனான்."

"ஓம் ஐயா" என்றேன்.

அவன் தோற்றதில் எனக்குத் துளி வருத்தமும் கிடையாது. நான் சுமப்பது அந்த ஏழு தாள்களைத்தான். அவை உங்களுக்கென்று விழுந்தவை. அவற்றைச் செல்லாமல் ஆக்கியது முதலாளி அல்ல, அக்கா.