பாதியாக்காத விட்டம்

என் ஆசை மச்சான் ஏழுமலைக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. புதுப்பட்டினம் குப்பத்தில் மறுபடியும் காலரா. முந்தாநாள் இரண்டு வீட்டில் வாந்திபேதி. குழாய்க்குள் பிளீச்சிங் பொடி கரைத்து விடச் சொல்லி உத்தரவு வந்தது. போன தடவை குழாய் மாட்டும் பிட்டர் நீ, பம்ப் டிரைவர் நான் என்று இரண்டு பேர் இருந்தோம். இந்தத் தடவை நான் மட்டும்தான்.

எவ்வளவு பொடி என்பது குழாய் எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்பதைப் பொறுத்தது. நீளம் தொள்ளாயிரம் அடி. குழாய் வாய்க்குள் குச்சியை விட்டு அளந்தேன். விட்டம் நாலு அங்குலம். அதைப் பாதியாக்கி, அந்த இரண்டை இரண்டால் பெருக்கி, அதை வைத்துக் கணக்குப் போட வேண்டும். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். நானூற்றுத் தொண்ணூறு கேலன். அப்படியும் நம்பாமல் நாலாவது தடவையும் போட்டேன்.

போன வருஷம் பாதியாக்க மறந்து, நாலை நாலாலேயே பெருக்கியவன் நான்தானே? நாலு மடங்கு பொடி போய்விட்டது. குழாயைத் திறந்ததும் ஜனங்களுக்குக் கண் எரிந்தது. குடத்தைக் கவிழ்த்துவிட்டு எல்லாரும் குளத்துக்கே போனார்கள். "கணக்கு என்னுதுதான் சார்" என்று ஓவர்சியரிடம் நீ சொன்னாய். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் மச்சான் அப்படிச் சொன்னாய்? உன் வீட்டிலும் குளத்துத் தண்ணீர்தான். எட்டாம் நாள் காலரா உன்னைக் கொண்டுபோய்விட்டது.

பொடி கரைத்த தண்ணீரை ஒரு நாள் ஊறவிட்டு, கழுவிவிட்டு, இன்று குழாயைத் திறந்தேன். தெருவே வந்து நின்றது. ஒருவரும் குடத்தை நீட்டவில்லை. உன் பெண்சாதி செல்லம்மாதான் முன்னால் வந்தாள்.

"இன்னா அண்ணாத்த, இதுவும் அவுரு போட்ட கணக்கு மாதிரிதானா?"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அவன் போடலம்மா. நான் போட்டது. தப்பு என்னுது. எனக்காவ அவன் ஏத்துக்கினான்" என்றேன். தெரு முழுக்கக் கேட்டது.

"இத்த சொல்ல ஒரு வருசமா ஒனக்கு?"

அவள் லோட்டாவில் தண்ணீர் பிடித்து என்னிடம் நீட்டினாள். "மொதல்ல நீ குடி."

குடித்தேன். நான் கடைசிச் சொட்டு வரை விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் தன் குடத்தை வைத்தாள். பின்னால் வரிசை நகர்ந்தது. செல்லம்மா என்னிடம் இனி பேசுவாளா?

நாளைக்கு ஓவர்சியரிடம் போகிறேன். அந்தத் தப்பு என்னுடையது என்று அவர் எதிரில் நின்று சொல்வேன். வேலை போனால் போகட்டும். அல்லாஹ் மேல் ஆணை. உன் உயிரைத் திருப்பித் தர என்னால் ஆகாது மச்சான், உன் பெயரையாவது தந்துவிடுகிறேன்.

நீ காப்பாற்றிவிட்டுப் போன
உன் மச்சான்,
காதர்