திரும்பும் டிக்கெட்டை முதலில் பார்த்தவள்

என்றும் எனக்கு முன்பாகவே எழுந்து விளக்கைப் போட்டு வைக்கும் அப்பாவுக்கு,

பதில் தெரியாத ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். போன கோடையில் அந்த மூன்று வாரமும் நான் உங்களிடம் வருவதற்காகக் காத்திருந்தேனா, அல்லது வராமல் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்ததென்று இருந்துவிட்டேனா? தெரிந்ததுபோல எழுதப் பார்த்து இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

மும்பையில் நம் செம்பூர் காலனியின் ஆண்டு மலருக்காக உங்களைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். அந்த மலரில் எல்லா அப்பாக்களும் நேர்மையானவர்கள், எளிமையானவர்கள். நீங்களும் அப்படித்தான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் எனக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

முதலில் இங்குள்ள செய்திகள். நம் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று நீங்கள் இருக்கும்போது சொன்னார்கள். இன்னும் அதையேதான் சொல்கிறார்கள். உங்கள் பேத்தி நித்யா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். இந்தக் கடிதத்தை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதுவும் ஒரு தண்டனைதான்.

கிங்ஸ் சர்க்கிளில் உங்களுக்கு வாழையிலை கட்டித் தருவாரே, அவர் போன மாதம் என்னை நிறுத்தினார். "யக்கா, அப்பா மதுரையிலயே இருந்துட்டாவளா? எப்ப வாராவ இந்தப் பக்கம்?" என்றார். "தெரியலண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பேருந்து நிறுத்தம் வரை வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. திரும்பிப் போய்த் திருத்தவில்லை. ஒருவராவது உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருக்கட்டுமே என்று தோன்றியது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ரயில் முன்பதிவுப் படிவத்தில் போகும் பயணம் மேலே இருக்கும், திரும்பும் பயணம் கீழே இருக்கும். நீங்கள் எப்போதும் கீழே இருப்பதைத்தான் முதலில் நிரப்புவீர்கள். விடியும் முன்பே வரிசையில் போய் நின்று, ஜூன் மாதத் திரும்பும் டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் மே மாதத்தைப் பற்றிப் பேசுவீர்கள். "போறதுக்கு என்னட்டி, நின்னுக்கிட்டாவது போயிறலாம். திரும்பி வரணும்லா? அதுக்குக் கெடைக்கலன்னா மாட்டுனோம்" என்பீர்கள்.

அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். எனக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் பம்பாய்த் தமிழர்கள் எல்லோரும் ஒரே ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். நமக்கு இடம் இல்லை. அம்மா கைக்குழந்தை செல்வத்தோடு கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தாள். நீங்கள் முழுத் தொலைவும் நின்றே வந்தீர்கள். தாதரில் இறங்கியதும் அம்மா ஒன்றும் பேசவில்லை. அதுதான் உங்களைப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நாம் ஒருமுறைகூட இருக்கை இல்லாமல் திரும்பியதில்லை.

அந்த வழக்கம் என் கையிலும் ஒட்டிக்கொண்டது. அதுதான் நான் சொல்ல வந்தது.

போன மே மாதம் குளியலறையில் நீங்கள் விழுந்தீர்கள். எலும்பு முறியவில்லை, பலவீனம்தான் என்றார் டாக்டர். அம்மா போன பிறகு நீங்கள் மதுரையில் செல்வத்தின் வீட்டில்தான் இருந்தீர்கள், அவன் பார்த்துக்கொண்டான். நான் விடைத்தாள் திருத்தும் வேலையில் இருந்தேன். முடிந்ததும் வருகிறேன் என்றேன். போன் செயலியில் விமானக் கட்டணத்தை நாளுக்கு நான்கு முறை பார்த்துக்கொண்டிருந்த என்னை நித்யாதான் நிறுத்தினாள்.

"அரே அம்மா, சும்மா சும்மா போய்ப் பாக்காத. இந்த பெல் இருக்குல்ல, அதத் தட்டு. ரேட் கம்மியானா அதுவே உனக்கு மெயில் அனுப்பும்."

"எனக்குச் சொல்றதுல அதுக்கென்ன லாபம்?"

"ஹர் சீஸ் மே ஷக்! எல்லாத்துலயும் உனக்கு சந்தேகம்தான்" என்று சிரித்தாள்.

செயலியைச் சந்தேகப்பட்டேன். என் விரலைச் சந்தேகப்படவில்லை. மதுரையிலிருந்து மும்பை, கல்லூரி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு. அதைத்தான் முதலில் நிரப்பினேன். மணிக்குறி நீலமானது. அடுத்து, போவதற்கும் ஒன்று வைக்க வேண்டும். அதற்குள் கல்லூரியிலிருந்து அழைத்தார்கள், ஒரு விடைத்தாள் கட்டு குறைகிறதென்று. கட்டு என் மேசைக்குக் கீழேயே கிடந்தது. எடுத்துச் சொல்லிவிட்டு வந்து சமையலைப் பார்த்தேன். போவதற்கு அறிவிப்பு வைக்கவே இல்லை.

மறுநாளிலிருந்து செய்தி வரத் தொடங்கியது. கட்டணம் வழக்கத்தைவிட அதிகம். இன்னும் அதிகம். ஒரு சின்ன வரைபடம், மேலே ஏறும் கோடு. விடுமுறை முடிந்து ஊரிலிருந்து எல்லோரும் மும்பைக்குத் திரும்பும் வாரம் அது, ஏறாமல் என்ன செய்யும்? அதே வாரங்களில் மும்பையிலிருந்து மதுரைக்குப் போக ஆளில்லை. அந்தத் திசையில் கட்டணம் தரைக்கு இறங்கிக் கிடந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. ஊர்ப் பெயர்களைப் படிக்காமல் எண்ணை மட்டும் படித்தேன். இருபது ஆண்டுகளாகப் புள்ளியியல் நடத்துகிறேன். அச்சில் என்ன எழுதியிருக்கிறதென்று பார்க்காமல் வரைபடத்தைப் படிக்கக் கூடாது என்பது நான் நடத்தும் முதல் பாடம்.

நீங்கள் ஒவ்வொரு நாளும் கேட்டீர்கள்.

"ஏட்டி, டிக்கெட் பாத்தியா?"

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன்ப்பா. ரொம்ப ஏறிக் கிடக்கு."

"எறங்கும், எறங்கும். அவசரப்பட்டு எடுத்துறாத. நான் எங்க ஓடியா போயிரப் போறேன்?"

விடைத்தாள் வேலை முடிந்து பத்து நாள் ஆகியும் நான் இறங்கும் என்றுதான் இருந்தேன். பதினோராம் நாள் காலை செல்வம் அழைத்தான். "யக்கா" என்றான். அதற்குமேல் அவனால் சொல்ல முடியவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை.

அன்று டிக்கெட் எடுத்தது நித்யா. எடுத்துவிட்டு ஒரு மாதிரிப் பார்த்தாள். "அம்மா, ரேட் அவ்ளோ ஒண்ணும் இல்லையே?" நான் காதில் வாங்கவில்லை. விமானத்தில் என் வரிசையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. முன்வரிசை முழுக்கக் காலி. அந்தக் காலி இருக்கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன், அப்பா. அப்போதும் புரியவில்லை.

நான்காம் நாள் புரிந்தது. செல்வத்தின் வீட்டுக் கூடத்தில் துக்கம் கேட்க வந்தவர்களோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கிடந்த என் போனில் செய்தி வந்தது. உங்கள் பயணத்தின் கட்டணம் குறைந்திருக்கிறது என்று. நித்யா எடுத்துப் பார்த்தாள். என் காதோடு சொன்னாள்:

"அம்மா, யே தோ உல்டா ஹை. தலைகீழா இருக்கு. இது மதுரையிலேருந்து மும்பை. நீ போறதுக்கு வைக்கவே இல்லையா?"

அதே நேரத்தில்தான் அத்தை எதிரிலிருந்து கேட்டாள். "ஆயிரம் வேலை இருக்கட்டும்ளா. பெத்த அப்பன ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம்லா?"

நான் வாய் திறப்பதற்குள் செல்வம் சொன்னான். "டிக்கெட் வெல அப்படி, அத்தே. லீவு நேரம்லா. அக்கா தெனமும் பாத்துக்கிட்டேதான் இருந்தா. அவ என்ன செய்வா?"

அத்தை "அதுவுஞ் சரிதான்" என்றாள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து இதுவரை, கேட்டவர்கள் எல்லோரிடமும் செல்வம் அதையே சொல்கிறான். நான் அதன் கீழேயே உட்கார்ந்திருக்கிறேன், மழைக்குப் பிறத்தியார் குடைக்குள் ஒதுங்கியதுபோல.

தவறு என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். கட்டணம் எவ்வளவு ஏறியிருந்தாலும் என்னால் கொடுத்திருக்க முடியும். மதுரைக்கு வந்த இடத்தில் அம்மாவுக்கு முடியாமல் போனபோது விலை பார்க்காமல்தான் ஓடி வந்தேன். இந்த முறை ஏன் பார்த்தேன்?

விழுந்த மறுவாரம் செல்வம் வீடியோவில் உங்களைக் காட்டினான். உங்கள் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டீர்கள். பிறகு, "அங்க மழ உண்டா?" என்று கேட்டீர்கள். மே மாதத்தில். நான் இல்லை என்றேன். விடைத்தாள் இருக்கிறதென்று சொல்லி அழைப்பைத் துண்டித்தேன். அந்தக் கையைப் பக்கத்திலிருந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல் இருந்திருக்கலாம். கட்டணம் அதிகம் என்ற செய்தி ஒவ்வொரு காலையும் வந்தபோது எனக்குள் ஏதோ ஒன்று கொஞ்சம் ஆசுவாசப்பட்டது. அதை மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியும். அது எவ்வளவு என்பதைத்தான் அளக்க முடியவில்லை.

நீங்கள் திரும்பும் பயணத்தை முதலில் பார்த்தது எங்களுக்காக. நான் யாருக்காகப் பார்த்தேன், அப்பா?

உங்கள் முதல் ஆண்டு நினைவு நாள் வருகிறது. செல்வம் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டான். போன வாரம் அழைத்து, "யக்கா, இந்தத் தடவயாவது முன்னாலயே எடுத்துரு. வெல ஏறிரும்" என்றான். குத்திச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னான். அதனால்தான் தாங்க முடியவில்லை.

அங்கே வந்து, கூடத்தில் உட்கார்ந்து, அத்தையின் முன்னால் அவன் இன்னொரு முறை எனக்காகப் பேசுவதைக் கேட்க மாட்டேன். நாளைக்கு அவனிடம் சொல்லிவிடுவேன். திசை மாற்றி வைத்ததையும் சொல்வேன், கையைப் பார்த்துப் பயந்ததையும் சொல்வேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

இதுவரை நேற்று எழுதியது. இன்று நடந்ததையும் எழுதி முடிக்கிறேன்.

காலையில் செல்வம் அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் அழைத்தேன். அறிவிப்பைத் தவறான திசைக்கு வைத்ததைச் சொன்னேன். அப்போது கட்டணம் குறைவாகத்தான் இருந்தது என்றேன்.  அவனுக்குப் பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியும்க்கா" என்றான்.

"எப்படி?"

"அப்பா ஒருநா என்னயக் கூப்பிட்டாவ. 'ஏல, நீ கொஞ்சம் ஒன் போன்ல பாரு. அவளுக்குச் சரியாப் பாக்கத் தெரியலையோ என்னவோ'ன்னாவ. பாத்தேன். கம்மியாத்தான் இருந்துச்சு."

"அப்பாட்ட என்ன சொன்ன?"

"கூடத்தான் இருக்குன்னு சொன்னேன்."

"ஏன்டா?"

"வேற என்ன சொல்லச் சொல்லுத? வெல கம்மி, அக்காதான் வரலன்னா? ஒனக்கு வர மனசில்லன்னு நெனச்சேன். கேட்டா நீ வருத்தப்படுவன்னு கேக்கல."

அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. உங்கள் கையைப் பற்றிச் சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். அழுதானா என்று தெரியவில்லை. குக்கரை நிறுத்திவிட்டு வந்தான்.

"அப்பா நம்புனாவளா?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. 'போனக் கொடு, நான் பாக்கேன்'னு சொல்லல. 'சரி, கெடக்கட்டும், எறங்கும்'னு சொல்லிட்டு அந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டாவ."

நான் கல்லூரிக்குப் போனேன். இரண்டு வகுப்பு எடுத்தேன். மதிய இடைவேளையில், நினைவு நாளுக்கு நான்கு நாள் முன்னதாக, மும்பையிலிருந்து மதுரைக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன். ஊர்ப் பெயர்களை இரண்டு முறை வாசித்தேன். இந்த ஆண்டு கட்டணம் அதிகமாகத்தான் இருந்தது. மணிக்குறியைத் தொடவில்லை.

திரும்பி வருவதற்கு இன்னும் எடுக்கவில்லை.

உங்கள் மகள்,
செல்வத்தின் அக்கா