ஒரு சாண் இடம்

பென்டில் ஹில், சிட்னி
29.08.2021

அன்புள்ள விஜயா அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் இந்த நோய்க் காலத்தில் சுகமாக இருக்கவேண்டும் என்ற நினைப்போடு தங்கை சயந்தினி எழுதுகிறேன்.

இன்று காலையில் எழும்பியதும் நான் செய்த முதல் வேலை, சாமித்தட்டுக்கு மேலே இருக்கும் தம்பிமாரின் படத்தைக் கழற்றி, ஆணியைப் பிடுங்கி, ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி அடித்து மாட்டியதுதான். பல்லுக்கூட விளக்கவில்லை. சுத்தியல் சத்தத்துக்கு இவர் எழும்பி வந்து, "நேராய்த்தானே இருந்தது, ஏனப்பா விடியவே சுவரோடை சண்டை?" என்று கேட்டார். சும்மா என்றேன். "சும்மாவோ? உன்ரை சும்மாவைப் பாத்தால் எனக்கு இருபது வருசமாய்ப் பயம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார்.

போனில் கதைக்காமல் கடிதம் எழுதுகிறேன் என்று பயப்படாதே. போனில் உன் முகம் தெரியும். தெரிந்தால் "அங்கையும் ஊரடங்கோ, சாப்பிட்டியோ" என்று கதையை மாற்றிவிடுவேன். முப்பத்துநாலு வருடமாக அப்படித்தான் மாற்றிக்கொண்டு வருகிறேன்.

இங்கே இரண்டு மாதமாக எல்லாம் பூட்டு. லக்சிகாவுக்குப் படிப்பு கம்ப்யூட்டரில். எனக்கு வேலை எப்போதும் போல வீட்டிலிருந்துதான், போனில் தமிழுக்கும் இங்கிலீசுக்கும் நடுவில் நிற்கிற வேலை. எங்கள் பக்கத்துச் சனம் வீட்டை விட்டு வெளியே போகிறதோ என்று பார்க்கப் பொலிசோடு ஆமியையும் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று கிழமைக்கு முன் எங்கள் வீட்டுக் கதவையும் தட்டினார்கள். கையில் ஆயுதம் இல்லை, முகத்தில் மாஸ்க், நல்ல மரியாதை. சீருடைப் பெடியன் ஒருவன், உள்ளே எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டான். அவ்வளவுதான் அக்கா. பதினொரு வருடமாக வாயால் பிழைக்கிறவள் நான். ஒரு சொல் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லக்சிகா ஓடிவந்துதான் பதில் சொன்னாள். ஏன் அப்படி நின்றேன் என்று பின்னால் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு நூரியாவை உனக்குத் தெரியும், வீடியோவில் கையாட்டுவாளே, ஆப்கானிஸ்தான்காரி. அவளுடைய தம்பி ஹமீது அங்கே இந்த நாட்டு ஆமிக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். ஏப்ரலில், அங்கிருந்து ஆமியைத் திருப்பிக் கூப்பிடப்போகிறோம் என்று அறிவித்த கிழமை, அவள் ஒரு கடிதத்தோடு வேலியடிக்கு வந்தாள். ஆமியை எடுக்கவேண்டாம் என்று பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதிய கடிதம். எங்கள் தெருவில் ஒன்பது பேர் கையெழுத்து வைத்திருந்தார்கள். நான் வைக்கவில்லை. அடுத்தவன் நாட்டுக்குள் துவக்கோடு போனவன் வெளியே வரத்தான் வேண்டும் என்று சொன்னேன். இந்தியன் ஆமி எங்கள் சந்திக்கு வந்தபோது நாங்கள் மாலை போட்டதையும், மூன்று மாதத்தில் அவர்கள் எங்கள் தம்பிமார் இரண்டு பேரைக் கொன்றதையும், அவர்கள் போன நாளில் நாங்கள் புக்கை பொங்கியதையும் சொன்னேன். மேடையில் பேசுவது போலப் பேசினேன்.

நூரியா பொறுமையாகக் கேட்டாள். "அந்த ஆமி என்னையும் கடித்த நாய்தான், சயந்தினி. என் ஊரிலும் அவர்கள் கதவை உடைத்தார்கள், ஆட்களைக் கொன்றார்கள். ஆனால் இப்போது வாசல் படலையில் நிற்கிறவன் கத்தியோடு நிற்கிறான். நாயை அவிழ்த்துக்கொண்டு போகாதே என்றுதான் கேட்கிறேன்" என்றாள். நான் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "உன் தம்பிமார் செத்தார்கள் என்பதற்காக என் தம்பியும் சாகவேண்டுமோ" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதன்பிறகு வேலிக்கு மேலால் வருகிற உருளைக்கிழங்கு ரொட்டியும் நின்றது, நான் கொடுக்கிற கறிவேப்பிலையும் நின்றது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் கண்ணாடி உடைகிற சத்தம். பிறகு ஒரு கத்தல். ஊரடங்கையும் பார்க்காமல் ஓடினேன். குசினி யன்னலைக் கையால் குத்தி உடைத்திருந்தாள். மணிக்கட்டிலிருந்து இரத்தம் சீறி அடித்தது, சுவரிலும் என் மூக்குக் கண்ணாடியிலும். துவாயைச் சுற்றி இறுக்கிக்கொண்டு நிலத்தில் அவளோடு இருந்தேன். ஹமீதின் மூத்த மகள் போனில் அனுப்பிய குரலை அவள் திரும்பத் திரும்பப் போட்டாள். எனக்கு அந்தப் பாசை விளங்காது, அழுகை விளங்கும். பிறகு இங்கிலீசில் சொன்னாள். ஆமி போனதும் ஊரைப் பிடித்தவர்களில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டி, பெயரைக் கேட்டு, பிள்ளைகளுக்கு முன்னால் முழங்காலில் இருத்தி, வாய்க்குள் துவக்கை வைத்துச் சுட்டிருக்கிறார்கள். வெளிநாட்டானுக்குப் பேசிய வாய் என்று.

அம்புலன்ஸ் வருவதற்கு இடையில், அவள் போனில் ஒரு கடிதத்தின் படத்தைக் காட்டினாள். ஹமீது நல்ல சேவை செய்தான் என்று ஓர் அதிகாரி கையெழுத்து வைத்த நன்றிக் கடிதம். அது மாதிரி ஒன்றை நான் முதலும் பார்த்திருக்கிறேன். நீயும் பார்த்திருக்கிறாய்.

அப்போது நூரியா என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், உங்கள் ஊரில் ஆமி போன பிறகு அவர்களோடு நின்றவர்களில் எத்தனை பேரைக் கொன்றார்கள் என்று. நான், "ஒருவரையும் இல்லை" என்றேன். அவள் இரத்தம் என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. அப்படியிருந்தும் சொன்னேன்.

லக்சிகாவுக்குத் தாத்தா நெஞ்சுவலியில் செத்தவர். உன் வினுஷாவுக்கும் அப்படித்தானே? அந்தப் பொய்யை நீயும் நானும் அம்மாவும் சேர்ந்து வளர்த்தோம். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு பொய் இருக்கிறது. அது உனக்குத் தெரியாது. தெரிந்த அம்மா செத்து இரண்டு வருடம். இனி நான் ஒருத்திதான்.

எண்பத்தேழு ஒக்டோபர், அந்த நாள். கோயில் மண்டபத்தில் இடம் இருக்கிறதோ என்று பார்க்க நீ அப்பாவோடு போய்விட்டாய். ஷெல் சத்தத்தில் கண் மூடாமல் இருந்த லதீசும் குமாரும் அப்போதுதான் அறைக்குள் நித்திரை. லதீசுக்கு ஆறு, குமாருக்கு நாலு. நானும் அம்மாவும் முன் படியில் இருந்தோம். வேலியைப் பிரித்துக்கொண்டு நாலு ஆமிக்காரர் வந்தார்கள். அதற்கு முதல் நாள் எங்கள் சந்தியில் கண்ணிவெடி வெடித்து அவர்களுடைய ஆட்கள் செத்திருந்தார்கள். உள்ளே குமார் இருமினான். அவர்களில் ஒருவன், கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டியவன், "வீட்டுக்குள்ள யாரு?" என்று தமிழில் கேட்டான்.

அம்மா எல்லோருக்கும் சொன்ன கதை உனக்குப் பாடம். "ஒண்டும் கேக்கேல்லை, வந்த உடனை அடிச்சவங்கள்." இல்லை அக்கா. கேட்டார்கள். ஆமிக்காரன் வாயில் தமிழ் வந்த சந்தோசத்தில் நான் எழும்பி நின்று பதில் சொன்னேன்.

"பெடியள் படுத்திருக்கினம்."

"பெடியளா? எத்தன பேரு?"

"ரெண்டு பேர்."

நாங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் பெடியள் என்போம், இயக்கத்தையும் பெடியள் என்போம். எங்களுக்குக் குழப்பம் வந்ததேயில்லை. அவனுக்கு அந்தச் சொல்லில் ஒரு பாதியைத்தான் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவன் திரும்பி மற்றவர்களுக்கு அவர்கள் பாசையில் கத்தினான். அம்மா "ஐயோ ராசா, அது" என்று வாயைத் திறக்க, துவக்குப் பிடியால் வாயிலேயே அடி விழுந்தது. அம்மாவின் முன்பல் போனது அப்போதுதான். ஒருவன் யன்னலால் கிரனைட்டை எறிந்தான். பிறகு கதவுக்கு வெளியே நின்று, துவக்கு ஓயும் மட்டும் சுட்டார்கள்.

உள்ளே முதலில் போனவன் அந்தத் தமிழன்தான். வெளியே வந்து படியில் சத்தி எடுத்தான். பிறகு என் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கினான். "பசங்கன்னு சொல்லியிருக்கலாமே பாப்பா, சின்னப் பசங்கன்னு சொல்லியிருக்கலாமே" என்று அழுதான். அவனுக்கு இருபது வயது இருக்கும். அவனுடைய நகம் பதிந்த இடம் இப்போதும் மழைக்காலத்தில் கடிக்கும். நீங்கள் இரண்டு பேரும் வந்தபோது அம்மா வாயில் சீலையைப் பொத்திக்கொண்டு சுவரைக் கழுவிக்கொண்டிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். லதீசின் ஒரு கை மட்டும் பின்னேரம் மாமரத்தடியில் கிடைத்தது. அதை எடுத்துவந்து சேர்த்தது அப்பா.

அம்மா அப்பாவுக்கு மட்டும் கிணற்றடியில் உண்மையைச் சொன்னார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அப்பா வந்து என் தலையில் கையை வைத்தார்.  பதினைந்தாம் நாள், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு ஆமிக் காம்புக்குப் போய், தான் இங்கிலீசு வாத்தியார், சோதனைச் சாவடியில் நின்று மொழிபெயர்த்துத் தருகிறேன் என்று கேட்டார். கூலி வேண்டாம் என்றாராம்.

நீ படலையில் மறித்துக்கொண்டு, "தம்பிமாரைத் திண்டவங்களுக்கு வாய் குடுக்கப் போறியளோ?" என்று கேட்டாய். பதினாலு வயதில் அதைத்தவிர வேறென்ன கேட்பாய்? அப்பா பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பெயரைச் சொல்லவேண்டி வந்திருக்கும். அதற்காகத்தான் இரண்டரை வருடம் உன்னுடைய பேச்சில்லாமல் இருந்தார். நீ அவருக்குச் சோறு போடவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்தச் சாவடியில் அவர் செய்தது என்ன என்று நான் ஒருநாள் பார்த்தேன். சைக்கிளில் மூட்டை கட்டி வந்த ஒருவரை மறித்து என்ன என்று கேட்டார்கள். "கடைச் சாமான்" என்றார் அந்த மனிசன். சாமான் என்றால் ஆயுதம் என்றும் அந்தக் காலத்தில் அர்த்தம், அதையும் ஆமி பழகியிருந்தது. இரண்டு துவக்கு அவருடைய நெஞ்சுக்குத் திரும்பிவிட்டது. அப்பா நடுவில் போய் நின்று, அரிசி, பருப்பு, சவுக்காரம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு இங்கிலீசில் சொன்னார். வெயிலில், நாள் முழுக்க, அப்படித்தான் நின்றார்.

தொண்ணூறு மார்ச்சில் கடைசி லொறி போனது. அதிகாரி அப்பாவின் கையைக் குலுக்கி, நன்றிக் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் புக்கை. நீ வெடி கொளுத்தினாய். பத்தாம் நாள் சைக்கிளில் இரண்டு பெடியள் வந்தார்கள். ஒருவன் அப்பாவிடம் படித்தவன். "மாஸ்ரர், ஒருக்கா விசாரிக்கோணும், வாங்கோ" என்றான், வகுப்பில் பேசுவது போல மரியாதையாக. அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் காலை சந்தி லைற் கம்பத்தில் கட்டி, நெற்றியில் சுட்டு, கழுத்தில் துரோகி என்று எழுதிய மட்டை தொங்கவிட்டிருந்தார்கள். ஒருவரும் கிட்ட வரவில்லை. நானும் அம்மாவும்தான் கயிற்றை அறுத்து, தள்ளுவண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தோம். நீ அறைக் கதவைத் திறக்கவில்லை. பிறகு வீட்டில் இருந்த அப்பாவின் படங்களை எல்லாம் நீ அடுப்பில் போட்டாய். நன்றிக் கடிதத்தை அம்மா போட்டார். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எனக்குப் பதிலாக அப்பாவை வெறுக்கவேண்டி வந்தது உனக்கு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆமி போகத்தான் வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ஏப்ரலில் நூரியாவிடம் அதைச் சொன்னபோது, அவர்கள் யாரை எல்லாம் கம்பத்தடியில் விட்டுவிட்டுப் போவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டு, தெரியாதவள் போலப் பேசினேன். ஆமி இருந்ததாலும் எங்கள் ஆட்கள் செத்தார்கள், போனதாலும் செத்தார்கள் என்று இரண்டையும் ஒரே வாயால் சொல்ல எனக்குத் துணிவு இருக்கவில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். வருடாவருடம் ஒக்டோபரில் நினைவு நாளுக்கு ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஆட்களின் பெயரை வாசிப்போமே, இந்த முறையும் அது ஸூமில்தான். பெயரையும் படத்தையும் பதினைந்தாம் திகதிக்கு முதல் அனுப்பச் சொல்லி, அதை ஒழுங்கு செய்கிற யோகா அன்ரி அறிவித்திருக்கிறார். எப்போதும் நான் இரண்டு பெயர் வாசிப்பேன். இந்த வருடம் மூன்று வாசிக்கப்போகிறேன். லதீஸ். குமார். இராசையா மாஸ்ரர். எப்படிச் செத்தார் என்றும் சொல்லுவேன், ஏன் அந்தச் சாவடிக்குப் போனார் என்றும் சொல்லுவேன். அதன்பிறகு இங்கே சில வீடுகளில் எங்களுக்குக் கதிரை இழுத்துப் போடமாட்டார்கள். அங்கே வினுஷாவின் மாமன் மாமி உன்னிடம் என்ன கேட்பார்கள் என்றும் எனக்குத் தெரியும். இவருக்கு இன்னும் சொல்லவில்லை, லக்சிகாவுக்கும் இல்லை, நூரியாவிடம் சொன்ன பொய்யையும் இன்னும் திருப்பி எடுக்கவில்லை. முதலில் நீ அறியவேண்டும்.

அம்மா சாவதற்கு முதல் கிழமை போனில் எனக்கு ஒன்று சொன்னார். சாவடியில் நிற்க ஆமி கொடுத்த பாஸ் அட்டையில் அப்பாவின் படம் ஒன்று இருக்கிறது, உனக்கு ஒளித்து அதைத் தன் கூறைச்சேலைக் கரைக்குள் வைத்துத் தைத்திருக்கிறேன் என்று. கூறை உன் அலுமாரியில்தான் இருக்கிறது அக்கா. தலைப்புப் பக்கம், கை வைத்தால் தடிப்பாகத் தெரியுமாம். சுவரில் ஒரு சாண் இடம் விட்டு வைத்திருக்கிறேன். கரையைப் பிரித்து அந்தப் படத்தை எனக்கு அனுப்பு. பிரிக்க உனக்கு மனம் வராவிட்டால், சேலையோடு அனுப்பு.

உன் பிள்ளைகள் வாய் திறந்து சொல்கிற எந்தச் சொல்லும் அவர்களுக்கு எதிராகத் திரும்பாமல் இருக்கட்டும். உன் கை படத்தில் பட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும், வேறொன்றும் கேட்கமாட்டேன்.

என்றும் உன்,
சயந்தினி