முயலைக் கிளப்பிய துண்டுச்சீட்டு

இன்று காலை வீட்டுவரி விஷயமாக ஓர் ஆபீசுக்குப் போயிருந்தேன். உள்ளே கால் வைத்ததுமே அந்த வாசனை: பசை, பழைய காகிதம், உருகின அரக்கு, யாரோ பிரித்து வைத்த பழம்பொரிப் பொட்டலம். எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது என்கிறார்கள். வாசனை மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்து மலையாளத்தில் சொன்னாள்: "ஃபைல் புட் அப் செய்திட்டுண்டு அம்மே. நாளெ வரூ."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவள் மிரண்டுபோனாள். நாளைக்கு வா என்றால் சண்டைக்கு வருகிறவர்களைப் பார்த்திருப்பாள், சிரிக்கிறவளை எங்கே பார்த்திருக்கப் போகிறாள்? அந்த 'புட் அப்'பைக் கட்டிக்கொண்டு மாரடித்த ஒருத்தி எனக்கு எதிரே பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அந்த ஒருத்தியான நீ கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் என்னைத் தின்றுகொண்டிருக்கிறது. இன்றைக்கு அதைக் கொட்டிவிடப் போகிறேன், கேட்டுக்கொள்.

ஆரம்பம் உனக்கு ஞாபகம் இருக்கும். நமக்கு இடம் மாடியில். ஆபீசர் அறை கீழே. அவர் எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் ஓரத்தில் பச்சை மசியில் 'புட் அப்' என்று எழுதி அனுப்புவார். குறிப்பு எழுதி, ஃபைலாக்கி, என் முன்னால் கொண்டு வா என்று அர்த்தம். ஒருநாள் நீ பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாய்: "ஏட்டீ, அவரு கீழ இருக்காரு. நாம மேல இருக்கோம். ஃபைலை இறக்கித்தானே கொண்டு போறோம்? பின்னே என்னத்துக்கு 'அப்'?"

"அவர் பதவி மேலே, அதனாலே" என்றேன்.

"அது போராது, கேட்டியா" என்றாய்.

அன்றைக்குப் பிடித்தது சனி. சாப்பாட்டு வேளையில் பாதியை நூலகத்தில், தலையணை மொத்தத்துக்கு இருந்த அகராதியின் முன்னால் நின்றே கழித்தாய். திரும்பி வரும்போது கையில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும், பழைய சுற்றறிக்கையின் முதுகில் எழுதினது. என் தயிர்சாதத்தில் பாதியைத் தின்றுகொண்டே அன்றைக்குக் கிடைத்ததை ஒப்பிப்பாய். பழைய காலத்தில் ஆங்கிலேயன் சண்டையை நிறுத்தி வாளை உறையில் போட்டால் அது புட் அப். கையில் இருப்பதைப் பைக்குள் பத்திரப்படுத்தினாலும் அதே. கடவுளிடம் பிரார்த்தனை வைத்தாலும், பெரியவர்களிடம் மனு வைத்தாலும் அதேதான். இதைக் கண்டுபிடித்த நாளில் படிக்கட்டிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாய்.

"கிடைச்சாச்சு! ஃபைல் இங்கேருந்துதான் வந்திருக்கு. நாம தினம் கீழ கொண்டு போறது குறிப்பு இல்லட்டீ, பிரார்த்தனையாக்கும்!"

உன் கட்சி சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த ஆபீசர் முன்னால் ஃபைலோடு நின்றவர்கள் யாரும் உன்னை மறுக்க மாட்டார்கள்.

இன்னொரு நாள், முகத்துக்கு நேரே ஒருவன் அவமானப்படுத்தினால் பதில் பேசாமல் விழுங்கிக்கொள்வதற்கும் ஒரு காலத்தில் இதுதான் சொல் என்றாய். அதற்குப் பின்னால் 'வித்' என்று ஒரு வால் முளைத்துத்தான், பொறுத்துப்போவது என்று இன்றைக்கு எல்லோரும் சொல்கிற பிரயோகம் வந்ததாம். அமெரிக்காவில் பழங்களைப் பாகில் போட்டு ஜாடியில் அடைத்து வைப்பதும் புட் அப்தானாம்.

"அப்போ ஸ்ரீவராகத்துலே எங்காத்து மாவடு?" என்று கேட்டேன்.

"ஒரு கிண்ணம் கொண்டு வா. தின்னு பாத்துட்டுச் சொல்லுதேன்."

மறுநாள் கொண்டு வந்தேன். கிண்ணம் காலியாயிற்றே தவிர, தீர்ப்பு வரவில்லை.

இனிமேல்தான் விஷயம். பொன்முடி போகிற வழியில் ஒரு பழைய பயணியர் விடுதி, கூரை ஒழுகுகிறது என்று ஒரு ஃபைல். அதை நீயும் நானும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் சாயங்காலம் அது என் மேஜையில் விரிந்து கிடந்தது. பக்கத்தில் நீ சாப்பிடும்போது வைத்துவிட்டுப் போன சீட்டு. 'வழிப்போக்கரைத் தங்க வைத்தல். குதிரையைக் கொட்டிலில் கட்டுதல். வேட்டையில் முயலைப் புதரிலிருந்து கிளப்புதல்.' எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்கு இருந்த பழைய அர்த்தங்கள். வெளியே நல்ல மழை. வீட்டில் ஏழு மாதக் குழந்தைக்கு ஜுரம். எனக்கு ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கிடந்த காகிதத்தையெல்லாம் அள்ளி, துளை போட்டு, டேக் கயிற்றைக் கோத்துக் கட்டிக் கீழே அனுப்பிவிட்டு ஓடினேன். உன் சீட்டும் உள்ளே போய்விட்டது. யார் செய்தது? நான். நான்தான்.

ஃபைல் கீழே இறங்கி, பதவிப் படி ஏறிப் போயிற்று. நாலு பேருடைய சின்னக் கையெழுத்து உன் சீட்டின் மேல் விழுந்தது. ஒருவரும் படிக்கவில்லை. ஐந்தாவது ஆள் படித்துத் தொலைத்தார், அதுதான் வினை. 'குதிரைக் கொட்டிலின் தற்போதைய நிலை என்ன? முயல்கள் குறித்தும் அறிக்கை தேவை' என்று எழுதி மலைக்கு அனுப்பினார். மூன்று வாரத்தில் அங்கிருந்த எஞ்சினியர் பயபக்தியோடு பதில் எழுதியிருந்தார்: 'நேரில் ஆய்வு செய்ததில் குதிரை எதுவும் தென்படவில்லை. கொட்டில் இருந்ததற்கான அடையாளமும் இல்லை. முயல்கள் உண்டு. எண்ண முற்பட்டபோது ஓடிவிட்டன.'

இப்போது எழுதும்போதும் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கிறது. அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. ஆபீசர் நம் இரண்டு பேரையும் கீழே கூப்பிட்டார். என் ப்ரொபேஷன் முடிய இன்னும் ஒரு மாதம். அந்த நேரத்தில் ஒரு மெமோ வந்தால் தூக்கிக் காசர்கோட்டில் போடுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். கைக்குழந்தையோடு மாநிலத்தின் மறுகோடிக்கு எங்கே போவேன்? அவர் சீட்டைத் தூக்கிக் காட்டி, யாருடையது, யார் ஃபைலில் வைத்தது என்று கேட்டார்.

"என்றெயாணு சார். வெச்சதும் ஞான் தன்னெ" என்றாய் நீ. சீட்டும் உன்னுடையது, வைத்ததும் நீயே என்று பளிச்சென்று சொல்லிவிட்டாய். நான் அலமாரியோடு அலமாரியாக நின்றேன்.

ஆபீசர் எஞ்சினியரின் பதிலை இன்னொரு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆனாலும் மெமோ மெமோதான். உன் ப்ரமோஷன் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று.

நீ அதை மூக்கில் சளி பிடித்தது போலத்தான் எடுத்துக்கொண்டாய். யாருக்குப் பிரிவுபசாரம் நடந்தாலும் எழுந்து நின்று முயல் கதையைச் சொல்வாய். எஞ்சினியர் குனிந்து குனிந்து முயல் எண்ணுவதை நடித்துக் காட்டுவாய். ஹாலே உருண்டு சிரிக்கும். "நான் வெச்ச சீட்டுலதான்" என்று நீ சொல்லும் இடம் வந்தால் நான் காபித் தம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே வருஷங்களை ஓட்டினேன். வெட்கங்கெட்டவள் நான்.

இன்று அந்தப் பெண் 'புட் அப்' என்றதும் இதற்கு மேல் தாங்காது என்று தோன்றிவிட்டது. ஆட்டோ பிடித்து நேரே சாலைக் கடைத்தெருவுக்கு, உங்கள் குடும்பத்து இரும்புக் கடைக்குப் போனேன். உன் மகள்தான் இப்போது கடையில் உட்காருகிறாள். யாருக்கோ சங்கிலி அளந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்க, தாழ்ப்பாளுக்கும் கயிற்றுக்கும் நடுவே நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். "அந்தச் சீட்டை வச்சது உங்கம்மா இல்லேடீ குழந்தை. நான்."

அவள் அளப்பதை நிறுத்தக்கூட இல்லை. "தெரியுமே சித்தி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஆபீசர் மேஜையில ஃபைலைப் பாத்ததுமே அம்மாவுக்கு மனசிலாயிட்டாம். மத்தவங்க டேக்கை ஒரு முடிச்சோட விட்டுருவாங்களாம். தாலி கட்டுத மாதிரி மூணு முடிச்சு போடுதது அந்த செக்‌ஷன்லயே நீங்க ஒருத்தருதானாம்."

நான் பக்கத்திலிருந்த கயிற்றுச் சுருளைப் பிடித்துக்கொண்டேன். ஆணி வாங்க வந்திருந்த ஒருவர் தன் ஸ்டூலை எனக்கு நகர்த்திக் கொடுத்தார். உட்கார்ந்துகொண்டு கேட்டேன்: "என்கிட்டே ஏன் ஒரு வார்த்தை சொல்லலே அவ?"

"நானும் கேட்டேன் சித்தி. 'சொன்னா அவ தேங்க்ஸ் சொல்லத் தொடங்கிருவா. அப்புறம் என்கூட சண்டை பிடிக்க மாட்டா. சண்டை இல்லாம எனக்கு மத்தியானச் சோறு இறங்காது'ன்னா."

அடி கள்ளி! தெரிந்துகொண்டேதான் அவர் முன்னால் அப்படிச் சொன்னாயா? இத்தனை வருஷமும் நான் நெளிவதைப் பார்த்துக்கொண்டே என் தட்டிலிருந்து தின்றாயா? கடையில் அத்தனை பேருக்கு நடுவே நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி தண்ணீர் சிரிப்பினால் வந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் இருந்த பயமும் வெட்கமும் அங்கேயே போய்விட்டன. நன்றி மட்டும் மிச்சம் இருக்கிறது. அதை வீடு வரை கொண்டு வந்திருக்கிறேன், இனியும் என்னிடமேதான் இருக்கும்.

சரி, சொல்லவில்லை. போடீ.