பெயர் அக்காவுக்கு, வீடு தங்கைக்கு

மெல்பர்ன்
9 மார்ச் 1975

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே வெயில் இறங்கிவிட்டது. உன் தம்பி பெண்டாட்டி கிரிஜா தோட்டத்துத் தக்காளியை ஊறுகாய் போட்டு தெரு முழுக்க விநியோகிக்கிறாள்.

அப்பா விட்டுப்போன டூலோன் வீட்டில் என் பங்கையும் சந்திரகலாவின் பங்கையும் உன் பேருக்கு மாற்றிக் கையெழுத்தாகிவிட்டது. வலிப்பு நோயோடு நம் தங்கை அலுவலகம் அலுவலகமாக ஏற முடியுமா? இங்கே என் வக்கீல் ஒரு டிரஸ்ட் பத்திரம் எழுதித் தந்திருக்கிறார். வீடு உன் பேரில். ஆனால் அவள் வாழ்வதற்காக மட்டும். "உங்க அக்கா மாறினா கோர்ட்டு கேட்கும்" என்கிறார். கோபிக்காதே, வக்கீல் பேச்சு அப்படித்தான். கையெழுத்துப் போட்டு, அங்கே பத்திரம் பதியும் நொத்தேரிடம் கொடுத்துவிடு.

உன் அன்புத் தம்பி,
வெங்கட்ராமன்

டூலோன், பிரான்ஸ்
2 ஏப்ரல் 1975

அன்புள்ள தம்பி வெங்கட்டுக்கு,

பத்திரம் வந்தது. கையெழுத்துப் போட்டு நொத்தேரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவலைப்படாதே. சந்திரகலாவுக்கு இந்த மாதம் ஒருமுறைதான் வலிப்பு வந்தது. என் மகன் பாஸ்கருக்கு இன்னும் வேலை அமையவில்லை; வளர்ந்த பிள்ளை, வீட்டில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறான். தெருவுக்கெல்லாம் ஊறுகாய், அக்காவுக்குக் கிடையாதா?

உன் அக்கா,
வேதா

மெல்பர்ன்
20 ஜூலை 1977

அக்கா,

உன் மகன் எனக்கு எழுதியிருக்கிறான். "மாமா, அம்மாவுக்கு அப்புறம் அந்த வீட்டை வித்து கராஜ் வைக்கப் போறேன். சித்தியை ஏதாவது விடுதியில சேர்த்துடலாம்" என்கிறான். பத்திரத்துக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை என்று நொத்தேர் அன்றைக்கே சொன்னாராமே!

மழையில் டிராம் பிடித்து வக்கீலிடம் ஓடினேன். விசாரித்துச் சொன்னார்: பிரெஞ்சுச் சட்டத்தில் டிரஸ்ட் என்று ஒன்றே கிடையாதாம். முதலில் கேட்காதது என் முட்டாள்தனம். ஆனால் நீ தெரிந்தே இரண்டு வருடம் வாய் திறக்கவில்லை. தங்கையின் வீட்டைத் திருடியவளுக்கு வேறு என்ன பேர்?

வெங்கட்ராமன்

டூலோன்
11 செப்டம்பர் 1977

தம்பி,

தெரியும். "இது இங்கே வெறும் காகிதம்தான் மதாம். வீடு உங்களுடையது, உங்களுக்குப் பின் உங்கள் மகனுடையது" என்று சொல்லி நொத்தேர் அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளினேன். பெற்ற பிள்ளை வேலையில்லாமல் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தான். ஆசை எனக்கும் வந்தது. அது என் தப்பு.

போன வியாழக்கிழமை மறுபடி நொத்தேரிடம் போனேன். சாகும்வரை ஒரு வீட்டில் குடியிருக்கும் உரிமை என்று இந்தச் சட்டத்தில் உண்டு. பாஸ்கருக்குச் சட்டம் ஒதுக்கும் பங்கைத் தொடாமல் அதைச் சந்திரகலாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வழக்கப்படி நொத்தேர் பத்திரத்தை முழுக்க உரக்க வாசித்தார். இவள் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பேர் வந்த இடத்திலெல்லாம் "ஆமா, நான்தான்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி வீட்டை யார் வாங்கினாலும் அவளை வெளியேற்ற முடியாது.

பாஸ்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மார்செய்க்குப் போய்விட்டான். சொல்லிக்கொள்ளவில்லை.

நகல் இதனுடன் இருக்கிறது. உன் வக்கீலிடம் காட்டு. அவளுக்காக நீ இனி என்னை நம்பவேண்டிய அவசியம் இல்லை. எனக்குக் கடிதம் எழுதவும் அவசியம் இல்லை. அவளுக்கே எழுது, சந்தோஷப்படுவாள். விலாசம் அதே வீடுதான்.

வேதவல்லி